வேதக்காரன் போட்ட வாய்க்கரிசி

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் ஒரு சாவு விழுந்தால் ஆறுதல் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. கோயில் மணி விட்டு விட்டு அடித்து முடிவதற்குள் தெருவுக்கே சேதி தெரிந்துவிடும். ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) வருவார், உபதேசியார் வருவார், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பாட்டுப் புத்தகத்தோடு வந்து பாயில் உட்கார்ந்துவிடுவார்கள். பெட்டி வந்து இறங்குவதற்கு முன்பே யாராவது ஒருவர் முதலாம் தெசலோனிக்கேயர் நாலாம் அதிகாரத்தை வாசித்திருப்பார். 'நித்திரையடைந்தவர்களினிமித்தம் நீங்கள் நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து, அறிவில்லாதிருக்க எனக்கு மனதில்லை' என்று பவுல் எழுதிய அந்த வசனத்தை எத்தனையோ துக்க வீடுகளில் நானே வாசித்திருக்கிறேன். ஓய்வுநாள் பள்ளி வாத்தியார் என்பதால், ஐயர் வரத் தாமதமானால் வேதப் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிடுவார்கள். நல்ல வசனம்தான். அழுதுகொண்டிருப்பவர்கள் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம், ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு ராத்திரியில் என் நண்பன் செத்துப்போனான். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவன் கிறிஸ்தவன் இல்லை. பெயர் போட வேண்டாம் என்று அவன் வீட்டில் கேட்டுக்கொண்டதால் அவன் என்றே எழுதுகிறேன். எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும் வழக்கமும் கிடையாது. ஆறாம் வகுப்பில் பாளையங்கோட்டையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து அவனுக்கு நான் மக்கா, எனக்கு அவன் மக்கா.

டவுனில் ரத வீதிக்குப் பக்கத்தில் வீடு. ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடித்துவிட்டு, கை காய்த்துப்போய் வந்து காட்டுவான். அவன் அப்பா காலத்திலிருந்தே வாடகைப் பாத்திரக் கடை. எங்கள் சபை அசனத்துக்குக் கிடாரம், அண்டா, தேக்சா, அன்னவெட்டி எல்லாம் அவன் கடையிலிருந்துதான் வரும், வாடகை வாங்க மாட்டான். ஆடும் அரிசி மூட்டையுமாக ஆளாளுக்குக் காணிக்கை கொடுத்து, ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த நாளில் காலையிலேயே வந்து அடுப்பு மூட்டும் இடத்தில் நிற்பான். வீட்டில் சுத்த சைவம். 'வீட்ல சைவம், கோயில்ல மட்டும் அசைவம் மக்கா' என்று சொல்லிக்கொண்டே ஆட்டுக்கறிக் குழம்பை இரண்டாம் தடவை வாங்குவான். ஈஸ்டர் அன்று விடியற்கால ஆராதனைக்கு என்னோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, வெளியே வந்ததும் பிரசங்கத்துக்கு மார்க் போடுவான். 'ஐயர் ரெண்டாவது பாயிண்ட்ல சுத்திட்டாரு.' எங்கள் சபையில் பெயர் எழுதியிருக்கிற பல பேரைவிட அவன் கேட்ட பிரசங்கங்கள் அதிகம். நெற்றியில் விபூதியோடுதான் கேட்பான். ஒரு தடவை நேராகவே பேச்சை எடுத்தேன். 'உங்க ஆளு நல்லவருதான் மக்கா. எங்க ஆளும் நல்லவருதான். என்னைய எதுக்குக் கடைய மாத்தச் சொல்லுத?' என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்புறம் நான் எடுக்கவில்லை.

இப்போது பவுலின் வசனத்துக்கு வருகிறேன். அந்த அதிகாரத்தின் ஆறுதல் முழுவதும் கிறிஸ்துவுக்குள் மரித்தவர்களைப் பற்றியது. என் நண்பனை அதில் எங்கே வைப்பது? அவன் செத்ததிலிருந்து என்னைப் பிடித்து ஆட்டிய கேள்வி இதுதான். துக்கம் ஒரு பக்கம், இது இன்னொரு பக்கம். துக்கத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தார்கள், இதைப் பற்றிப் பேச யாரும் கிடைக்கவில்லை.

அரிசி

விடிந்தபோதும் தூறல் நிற்கவில்லை. ஆற்றிலிருந்து நீர்மாலை எடுத்துவந்து, குளிப்பாட்டி, வேட்டி கட்டி, முன்கட்டில் தகரக் கொட்டகைக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள். நெற்றி நிறைய விபூதி, அதன் நடுவில் ஒரு ரூபாய்க் காசு. நாடியை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். வாய்க்கரிசி போடும் நேரம் வந்ததும் சொந்தக்காரர்கள் வரிசையாகப் போனார்கள். நான் சுவரோரமாக, கடைப் பையன்களோடு நின்றேன். யாரோ என்னைக் கூப்பிடப் போக, அவனுடைய சித்தப்பா குரலைத் தாழ்த்தி, 'அவாள் வேதக்காரப் பிள்ளையில்லா, கூப்பிடாதீக, சங்கடப்படுவாக' என்றார். வேதக்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர். அதில் குத்தல் எதுவும் இல்லை. என் மேல் உள்ள கரிசனம்தான். அப்போது அவன் மனைவி தலையைத் தூக்கி, 'அண்ணன் போடட்டும்' என்றாள். அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

தட்டிலிருந்து ஒரு பெண் என் கையில் அரிசியைப் போட்டாள். பச்சரிசி, ஈரம் ஏறியிருந்தது. உள்ளங்கையிலிருந்து முழுதாக விழாமல் விரல் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டது. நான் போட்டதில் பாதி அவன் உதட்டில் விழுந்தது, பாதி நாடிக்கட்டுத் துணியின் மடிப்பில் தங்கியது. ஒட்டியிருந்த மணிகளை மற்றக் கையால் தட்டிவிட்டேன். அந்த நேரத்தில் என்னை அறியாமலே உள்ளுக்குள் ஒரு ஜெபம் வந்தது: ஆண்டவரே, இவனைப் பார்த்துக்கொள்ளும். திரும்பி வந்து சுவரில் சாய்ந்த பிறகுதான் உறைத்தது, செத்துப்போன ஒருவனுக்காக ஜெபித்திருக்கிறேன் என்று. நாங்கள் சீர்திருத்தத் திருச்சபைக்காரர்கள். உயிரோடிருப்பவர்களுக்காக மணிக்கணக்கில் ஜெபிப்போம், செத்தவர்களுக்காக ஒரு வார்த்தை ஜெபிக்க மாட்டோம். அவர்கள் கணக்கு முடிந்துவிட்டது என்பதுதான் எங்கள் போதனை.

பாடையைத் தெருமுனை வரைக்கும் தோளில் கொண்டுபோனோம், அங்கே அமரர் ஊர்தி நின்றது. சிந்துபூந்துறையில் இறக்கி மறுபடியும் தூக்கினோம். பச்சை மூங்கிலின் ஒரு கணு சரியாக என் இடது தோள் எலும்பில் உட்கார்ந்துகொண்டது. மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், நான் மாற்றவில்லை. அவன் தம்பி கொள்ளி வைத்தான். மழைக்கு நெருப்பு எளிதில் பிடிக்கவில்லை. அதற்குமேல் அங்கே நடந்ததைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆளாளுக்கு ஒரு பதில்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது என் அத்தை பக்கத்தில் வந்தாள். இப்போது அவள் போவது வேறு ஒரு சபைக்கு, கை தட்டிப் பாடுகிற சபை. அன்றைக்கு என்னைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தாள். 'வாய்க்கரிசி போட்டியாமே?' ஆமாம் என்றேன். அதைப் பற்றிச் சண்டை போடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'நல்ல பையன். எங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் எப்படி ஓடியாடி வேல பாத்தான். ரட்சிக்கப்படாமலே போயிட்டானே' என்று அழுதாள். நிஜமாகவே அழுதாள். நரகத்தை இவ்வளவு நிச்சயமாக நம்புகிறவர்கள் கல்மனசுக்காரர்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அத்தையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பக்கத்துத் தெருவில் யார் செத்தாலும் ராத்திரித் தூக்கம் கெடுகிற ஜென்மம் அவள். கடைசியில் அவளே எனக்கு ஒரு வழியும் கண்டுபிடித்துக் கொடுத்தாள். சிலுவையில் தொங்கிய கள்ளன் கடைசி நிமிஷத்தில் கேட்டானே, அதைப்போல இவனும் ஆம்புலன்ஸில் மனசுக்குள் 'இயேசுவே' என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? இத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறானே.

அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அது எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. உயிரோடிருந்தவரை அவன் சொல்லாத ஒன்றை, அவன் வாய் அடைத்த பிறகு அவன் வாயில் வைக்க நான் யார்? கடைசி நேரத்தில் அவன் என்னவாவது சொல்லியிருந்தால் அது அவன் மகளின் பெயராகவோ நெல்லையப்பரின் பெயராகவோதான் இருந்திருக்கும். என் நிம்மதிக்காக அவனை வேறு ஆளாக மாற்றினால், அப்புறம் நான் துக்கப்படுவது யாருக்காக?

நவம்பர் 2 வந்தது. கூட வேலை பார்க்கும் கத்தோலிக்க நண்பர் ஒருவர், கல்லறைத் திருநாளுக்குத் தன் அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அவனுக்கும் ஒன்று ஏற்றினேன் என்று வந்து சொன்னார். எனக்குப் பொறாமையாக இருந்தது. செத்தவர்களுக்குச் செய்வதற்கு அவர்களிடம் ஏதோ ஒன்று இருக்கிறது. அவர் என் குழப்பத்தைக் கேட்டுவிட்டு, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபை பற்றி வெளியிட்ட ஏட்டின் 16-ஆம் பத்தியைக் காட்டினார். தங்கள் குற்றம் எதுவும் இல்லாமலே கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாதவர்கள், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டும் வழியில் நடக்க முயன்றால் அவர்களும் மீட்பு பெறலாம் என்கிறது அது. பெரிய வாசல்தான் திறந்திருக்கிறார்கள். ஆனால் அதிலும் என் நண்பன் இடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். அவன் நற்செய்தியை அறியாதவன் இல்லையே! பிரசங்கத்துக்கு மார்க் போட்டவன். கேட்டுவிட்டு, சிரித்துவிட்டு, தன் கடையிலேயே உட்கார்ந்திருந்தவன்.

இதற்கு நடுவில் பதினாறாம் நாள் விசேஷம் வந்தது. சாப்பாட்டுப் பந்தி முடிந்து, மொட்டை மாடியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அவனுக்கு ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். பள்ளிப் படிப்பு முழுவதும் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில். ஞானப்பாட்டும் தெரியும், இருபத்துமூன்றாம் சங்கீதமும் தெரியும். ஒரு நாற்காலியை என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்டாள்: 'மாமா, உங்க சாமி எங்க அப்பாவச் சேத்துக்கிடுமா?' பரிகாசம் எதுவும் இல்லை. ஒரு விவரம் தெரிந்துகொள்வதுபோலக் கேட்டாள். கீழே யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். வந்து சொல்கிறேன் என்று இறங்கிப் போனேன். போகும்போதே தெரியும், சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை என்று.

அந்த நாட்களில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தது, ஹிட்லரை எதிர்த்துச் சிறைக்குப் போன ஜெர்மன் போதகர் போன்ஹாஃபரின் ஒரு கடிதத்தை. 1943-இல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பெர்லின் டேகல் சிறையிலிருந்து தன் நண்பர் பெத்கேக்கும் அவருடைய மனைவிக்கும் எழுதியது. நமக்குப் பிரியமான ஒருவர் இல்லாத இடத்தை எதனாலும் நிரப்ப முடியாது, நிரப்ப முயலவும் கூடாது என்கிறார். கடவுள் அந்த வெற்றிடத்தை நிரப்புகிறார் என்று சொல்வது தவறு. அவர் அதை வெற்றிடமாகவே வைத்திருக்கிறார், வலியோடாவது பழைய உறவை நாம் காத்துக்கொள்ள அப்படி உதவுகிறார் என்பது அதன் சாரம். எழுதிய மனிதரை 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி ஃப்ளாசன்பர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். பெத்கே பிழைத்திருந்து, மீதி வாழ்நாளின் பெரும்பகுதியை நண்பரின் எழுத்துகளைத் தொகுப்பதில் செலவழித்தார். 'கர்த்தர் உன்னைத் தேற்றுவார், எல்லாம் சரியாகிவிடும்' என்ற பேச்சையே கேட்டுக் கேட்டுச் சலித்திருந்த எனக்கு, சரியாக வேண்டியதில்லை என்று ஒரு கிறிஸ்தவர் சொன்னது பெரிய உதவி. ஆனால் அது என் துக்கத்துக்கான மருந்து. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை.

தை மாதம் ஒரு கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போயிருந்தேன். சிவகங்கைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், பழைய ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் பெயரில் இருக்கும் ஸ்வார்ட்ஸ் கோயிலுக்குள் போய், ஆங்கிலேயச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய அந்தப் பளிங்குச் சிற்பத்தின் முன்னால் வெகு நேரம் நின்றேன். ஐயர் மரணப் படுக்கையில் கிடக்கிறார். இளம் ராஜா சரபோஜி பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். 1798 பிப்ரவரியில் ஸ்வார்ட்ஸ் இறந்தபோது சரபோஜி அவருடைய பிள்ளையைப்போல அழுதார் என்பது எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பாடம். கல்லறைக் கல்லுக்கு ராஜாவே ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். அநாதைகளுக்குத் தகப்பன், விதவைகளுக்கு ஆதரவு, எல்லாத் துயரத்திலும் ஆறுதல் என்று அடுக்கி, 'தகப்பனே, உமக்குத் தகுந்தவனாக நான் இருக்க வேண்டும்' என்று தன் பெயரைப் போட்டு முடிக்கிறார். அவர் கடைசிவரை தன் தெய்வங்களைத்தான் கும்பிட்டார், காசி யாத்திரையும் போய்வந்தார். ஆனாலும் இருநூறு வருஷமாக அந்தக் கண்ணீரைப் பற்றி நாம் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு இந்து ராஜா நம்முடைய ஐயருக்காக அழுதால் அது சபைச் சரித்திரம். நம்மில் ஒருவன் ஒரு இந்து சிநேகிதனுக்காக அழுதால், வாய்க்கரிசி போட்டாயா என்று விசாரணை. எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. கோயில்காப்பவர் விளக்கை அணைக்கப் போவதாகச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தேன்.

பாடையைத் தொட்டவர்

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, மறுநாள் பிள்ளைகளுக்கு எடுக்க வேண்டிய பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்கு இரண்டாம் அதிகாரம், திமிர்வாதக்காரன். பாடம் எனக்கு மனப்பாடம் என்பதால் அசட்டையாகத்தான் புரட்டினேன். நாலு பேர் ஒருவனைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். கூட்டத்தால் உள்ளே போக முடியவில்லை. மேற்கூரையைப் பிரித்து, கட்டிலோடு இறக்குகிறார்கள். 'இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு, திமிர்வாதக்காரனை நோக்கி: மகனே, உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது என்றார்.' என் கை தானாக இடது தோளுக்குப் போயிற்று. அந்தத் திமிர்வாதக்காரன் அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தேயுவில் பார்த்தேன், லூக்காவில் பார்த்தேன், அங்கேயும் பேசவில்லை. விசுவாச அறிக்கை இல்லை, பாவ அறிக்கை இல்லை. சுமந்து வந்த சிநேகிதர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, கட்டிலில் கிடந்தவனுக்கு மன்னிப்புக் கொடுக்கிறார்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வந்ததுமே எனக்குள் இருக்கும் ஓய்வுநாள் பள்ளி வாத்தியார் தகராறு பண்ண ஆரம்பித்தான். 'அவர்கள் விசுவாசம்' என்பதில் அந்த நோயாளியின் விசுவாசமும் சேர்ந்திருக்கலாம், அவன் சம்மதிக்காமலா தூக்கி வந்திருப்பார்கள்? அதையும் விடு, அவன் உயிரோடு இருந்தான். நீ சுமந்தது பிணத்தை. சரி, நியாயமான வாதம்தான். ஒரு வசனத்தைப் பிடித்துத் தொங்கி, வேண்டிய அர்த்தத்தைக் கறந்துவிடுகிற ஆட்களை எனக்கே பிடிக்காது. நோட்டை மூடிவிட்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை. சுவிசேஷத்தில் இயேசு பிணத்தின் பக்கத்தில் நின்ற இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். லாசரு இருக்கிறான், அவனுக்காகப் பேச மார்த்தாளும் மரியாளும் இருந்தார்கள். யவீருவின் மகள், தகப்பன் வந்து காலில் விழுந்தான். அப்புறம் நாயீன் ஊர்.

விளக்கைப் போட்டு லூக்கா ஏழாம் அதிகாரத்தை எடுத்தேன். ஊர் வாசலில் ஒரு சவ ஊர்வலம் எதிரே வருகிறது. விதவைத் தாய்க்கு ஒரே பிள்ளை. இந்தக் கதையில் யாருமே எதுவும் கேட்கவில்லை. அந்தத் தாய்க்கு எதிரே வருகிறவர் யார் என்று தெரியுமா என்றுகூட எழுதியிருக்கவில்லை. யாருடைய விசுவாசத்தைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. அவளைப் பார்த்து மனதுருகினார், அழாதே என்றார். அப்புறம் 'கிட்டவந்து, பாடையைத் தொட்டார். அதைச் சுமந்தவர்கள் நின்றார்கள்.' பிரேதத்தைத் தொட்டால் தீட்டு என்று இருந்த ஊரில், கூப்பிடாமலே வந்து பாடையில் கை வைக்கிறார். செத்தவன் எப்படிப்பட்டவன், எந்த ஜெப ஆலயத்துக்குப் போனான், கடைசியில் என்ன சொன்னான் என்று ஒன்றையும் விசாரிக்கவில்லை.

அந்த ராத்திரியில்தான் எனக்குள் ஒன்று மாறியது. அவன் எங்கே இருக்கிறான் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவன் எங்கே இருந்தாலும் யாருடைய கை எட்டுகிற தூரத்தில் இருக்கிறான் என்பது தெரிந்தது. அதுவரைக்கும் நான் ஏதோ பரலோகத்து வாசலில் உட்கார்ந்து பட்டியல் சரிபார்க்கிற குமாஸ்தாவைப்போல, அவன் பெயர் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. கடவுள் அழிக்கப்போன சோதோம் ஊருக்காக, அங்கே ஐம்பது நீதிமான்கள் இருந்தால் என்று ஆரம்பித்துப் பத்து வரைக்கும் ஆபிரகாம் பேரம் பேசினானே, அவன் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு வாதத்தைத்தான்: 'சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?' நியாயாதிபதி யார் என்று எனக்குத் தெரியும். சிநேகிதன் லாசருவின் சாவுக்கு அழுத இயேசு. அவருடைய கையில் என் சிநேகிதனை விட எனக்குப் பயமில்லை. என் அத்தையின் கையிலோ என் கையிலோ விடுவதற்குத்தான் பயம்.

அதிலிருந்து ராத்திரி ஜெபத்தில் அவன் பெயரையும் சொல்கிறேன். முதலில் திருட்டுத்தனமாகச் செய்வதுபோல இருந்தது. எங்கள் ஐயரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'நம்ம ஜெபப் புத்தகத்துல அப்படி ஒரு ஒழுங்கு இல்ல. நான் செய்யச் சொல்லவும் மாட்டேன், நீங்க செஞ்சா தடுக்கவும் மாட்டேன்' என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அப்புறம் அவரே, வாரா வாரம் விசுவாசப் பிரமாணத்தில் 'பாதாளத்தில் இறங்கினார்' என்று சொல்கிறோமே, அங்கே எதற்காகப் போனாராம் என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். 'நான் பாதாளத்தில் படுக்கை போட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்' என்று சங்கீதக்காரனும் பாடி வைத்திருக்கிறான். அத்தையிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. 'அப்படின்னா சுவிசேஷம் எதுக்கு, ஊழியம் எதுக்கு?' என்று கேட்டாள். நல்ல கேள்வி. நாங்கள் இன்னும் அதைப் பேசி முடிக்கவில்லை, முடியும் என்றும் தோன்றவில்லை.

சகல ஜனங்களுக்கும்

ஈஸ்டர் முடிந்து அசன வேலைகள் ஆரம்பித்தன. பாத்திரத்துக்குச் சொல்ல டவுனுக்குப் போனேன். கடையில் அவனுடைய மகள்தான் உட்கார்ந்திருந்தாள். கல்லூரி விட்டு வந்து சாயங்காலங்களில் கணக்குப் பார்க்கிறாள். பில் புத்தகத்தில் எழுதிக்கொண்டே, 'அன்னைக்கு வந்து சொல்லுதேன்னு போனீங்க மாமா, இன்னும் சொல்லல' என்றாள். மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சேர்த்துக்கொள்வாரா என்று ரசீது போட்டுச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, ஆனால் நான் நம்புகிறவர் உங்கள் அப்பாவைக் கை விடுவார் என்று என்னால் நம்ப முடியவில்லை. தினமும் அவன் பெயரைச் சொல்லி அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். நாயீன் ஊர்க் கதை அவளுக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டார்களாம், அவள் ஊர்வலத்தில் அழுகிற பெண்ணாக நடித்தாளாம். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, 'ஆனா அப்பாவுக்கு உங்க பரலோகத்துல போர் அடிக்கும் மாமா. தேர் இருக்காது. எந்நேரமும் பாட்டுல்லா படிச்சிக்கிட்டே இருப்பாங்க' என்றாள். சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அவன் பேசுவதுபோலவே இருந்தது.

ஏசாயாவில் ஒரு இடம் உண்டு என்றேன், இருபத்தைந்தாம் அதிகாரம். சேனைகளின் கர்த்தர் இந்த மலையிலே சகல ஜனங்களுக்கும் ஒரு விருந்தை ஆயத்தப்படுத்துவார். ஊனும் நிணமும் உள்ள பதார்த்தங்கள் என்றே எழுதியிருக்கிறது. மரணத்தை ஜெயமாக விழுங்குவார், எல்லா முகங்களிலிருந்தும் கண்ணீரைத் துடைப்பார் என்பதெல்லாம் அந்த விருந்தைச் சொன்ன பிறகுதான் வருகிறது. கல்லறையில் நாங்கள் வாசிக்கிற பகுதிகளில் இதைச் சேர்ப்பதில்லை, ஏனென்று தெரியவில்லை. சாவு வீட்டில் சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்ற கூச்சமாக இருக்கலாம். என் நண்பனுக்கு எங்கள் மதத்தில் முழு மனதோடு பிடித்திருந்தது அசனம் ஒன்றுதான். அதையே போய்ப் பரலோகத்துக்கு அடையாளமாக வைத்திருக்கிறாரே ஏசாயா என்று அவளிடம் சொன்னேன். இதைச் சொல்லும்போதுதான், அவன் செத்த பிறகு முதல் தடவையாக, அவனை மறுபடி பார்ப்பேன் என்று சத்தமாகச் சொல்லக்கூடத் தைரியம் இருப்பதை உணர்ந்தேன். அதையும் சொன்னேன்.

'சகல ஜனங்களுக்குமா? அவ்வளவு பேருக்கு எத்தன கிடாரம் வேணும்!' என்று கணக்குப் போடுகிற மாதிரி மேலே பார்த்தாள். அப்புறம் பில் புத்தகத்தைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். வாடகை போட்டிருந்தது. இத்தனை வருஷம் வாங்கினதில்லையே என்றேன். 'அது அப்பா. கடைய இப்ப நான்ல பாக்கேன். பாதிதான் போட்டிருக்கு, பாருங்க. கரி பிடிச்ச பாத்திரத்தத் தேய்க்க ஆளுக்குக் கூலி யாரு குடுப்பா?' கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கமிட்டியில் ஒருவர் முணுமுணுத்தார், மற்றவர்கள் சரி என்றார்கள். செயலாளர் முன்பணத்தைப் போன வாரம் அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். அண்டாக்களில் ஒன்று ஒழுகுகிறதாம், ஈயம் பூசி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.